தவளைக் கை

துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தவன் நான். கனடாவில், ரெக்ஸ்டேலில் எனக்குக் கிடைத்ததோ துவக்கு மினுக்குகிற வேலை. இதை விதி என்று என் மனைவி சொல்லுவாள். நான் பகிடி என்றுதான் சொல்லுவேன், அதுவும் பொழுது போகாத எவனோ விட்ட பகிடி.

அது ஒரு சின்னப் பட்டறை. முதலாளி போர்த்துக்கேயர். மோட்டார் சைக்கிள் சாமான், பழைய கதவுப் பிடி என்று எதுவும் வரும். லைசென்ஸ் உள்ள துவக்குக் கடைக்காரர் ஒருவர் பழைய கைத்துவக்குகளைக் கழற்றி, கறுப்பேற்றித் தரச்சொல்லி வெறும் இரும்புத் துண்டுகளாக அனுப்புவார். செத்துப்போன தகப்பன்மாரின் அலுமாரிகளில் ஈரத்தோடு கிடந்தவை. கறுப்பேற்ற முன்னம் அவற்றின் கீறல்களையும் துரு தின்ற குழிகளையும் எடுத்துவிடுவது என் வேலை. கறுப்பு என்பது பெயின்ற் இல்லை, மருந்துத் தொட்டியில் தோய்த்து இரும்பின் தோலையே கறுக்கவைப்பது; அது எதையும் மறைக்காது. விட்ட கீறலை இன்னும் கூட்டித்தான் காட்டும். ஆகவே மட்டமான கட்டை ஒன்றில் எமரித் தாளைச் சுற்றி, நீளவாக்கில், பொறுமையாகத் தேய்க்கவேண்டும். விளிம்பு மழுங்கக்கூடாது. பொறித்த எழுத்தும் இலக்கமும் தேயவே கூடாது. மேலே ஊசிமுனை அளவு தெரிகிற துரு, தேய்க்கத் தேய்க்க உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கிணறு வெட்டப் பூதம் வெளிக்கிட்ட கதைதான்.

எல்லாம் முடிந்து இரும்பு மினுங்கத் தொடங்கினால் பிறகு வெறுங்கையால் தொடக்கூடாது. வேர்வையில் உப்பு இருக்கிறது. தொட்ட இடம் அடுத்த நாள் காலையில் துருப்பிடித்து, விரல் ரேகையோடு நிற்கும். பிறகு முதலிலிருந்து தேய்க்கவேண்டும்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம் வந்தால் உள்ளங்கை வேர்க்கும். சோதனை மண்டபத்தில் தாள் நனைந்து கிழியும். சோதனைக் காலையில் அக்கா என் இரண்டு கையையும் பிடித்து, முகப்பவுடரைக் கொட்டி உரஞ்சி விடுவாள். "தவளைக் கையா, போய் எழுது" என்று தலையில் ஒரு குட்டும் விழும். பட்டப்பெயர் வைக்காமல் ஒருத்தரையும் கூப்பிட அவளுக்குத் தெரியாது. கனடாவுக்கு வந்த பிறகு அந்தக் கை நல்ல பிள்ளையாக இருந்தது. ஆண்டுக்கணக்காக ஒரு சாமானிலும் அது கறை விட்டதில்லை.

அக்கா வன்னியில் இருந்தாள். அத்தான் செத்த பிறகும் அந்தக் காணியை விட்டு வரமாட்டேன் என்று நின்றவள். கிளிநொச்சி விழுந்ததும் சனத்தோடு சனமாகக் கடற்கரைப் பக்கம் நடந்தாள். இடைக்கிடை எங்கேயோ ஒரு சற்றலைற் போன் பிடித்து எனக்கு எடுத்துக் கதைப்பாள். கடைசியாக எடுத்தது 2009 மாசியில்.

"கிணறு தோண்டினா உப்புத் தண்ணிதான் வருது. அதைத்தான் குடிக்கிறம்" என்றாள். நான் போனை மற்றக் கைக்கு மாற்றினேன். "ஏன்ரா வாயைத் திறக்கிறாயில்லை? தவளைக் கை வேர்க்குதோ?" என்று சிரித்தாள். பின்னால் செல் குண்டு விழுகிற சத்தம் கேட்டது. லைன் அறுந்தது.

அதன் பிறகுதான் தொடங்கியது. காலையில் பட்டறைக்குப் போனால், முதல் நாள் நான் மினுக்கிவைத்த துண்டுகளில் என் விரல்கள் செம்மண் நிறத்தில் பதிந்து கிடக்கும். பெருவிரல் தனியாக, மற்ற நாலும் வரிசையாக. மெல்லிய கையுறை போட்டேன். அதற்குள் வேர்வை தேங்கி, எமரித் தாளில் றப்பர் கிழிந்து ஒழுகியது. சுழன்று மினுக்குகிற சில்லுக்குப் பக்கத்தில் கையுறையோடு நிற்கவே கூடாது, அது கையோடு இழுத்துக்கொண்டு போய்விடும். அக்காவின் வைத்தியமாகப் பவுடர் பூசிப் பார்த்தேன். தொட்டியைப் பழுதாக்காதே என்று முதலாளி சத்தம் போட்டார். என்ன செய்யச் சொல்கிறார்? கையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டா வருவது?

என்னைக் காப்பாற்றியவர் கூட வேலைசெய்த நானா; முஸ்லிம் அண்ணன்மாரை ஊரில் அப்படித்தான் கூப்பிடுவது. கறுப்பேற்றுகிற தொட்டி அவருடைய பொறுப்பு. யாழ்ப்பாணத்து முஸ்லிம். தொண்ணூறில் துவக்கு முனையில் ஊரை விட்டுத் துரத்தப்பட்ட சனத்தில் ஒருவர். துரத்தியது எங்கள் ஆட்கள். அதைப்பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒருநாளும் கதைத்ததில்லை. எனக்குக் கேட்க வெட்கம். அவர் சொல்லவும் இல்லை.

ஒவ்வொரு பின்னேரமும் எண்ணெய்த் துணியோடு என் மேசைக்கு வருவார்.

"உந்தத் துண்டை வை. நான் துடைச்சு வைக்கிறன்."

துண்டை விளக்கடியில் திருப்பித் திருப்பி, என் கைபட்ட ஈரத்தையெல்லாம் தேடித் துடைத்து, எண்ணெய் பூசி வைப்பார். எண்ணெய் பட்டால் துருப் பிடிக்காது. அடுத்த நாள் அதைக் கழுவுகிற மேலதிக வேலையும் அவருடையதுதான்.

"அக்கா எடுத்தாவோ?" என்று கேட்பார்.

"இல்லை, நானா."

"எடுப்பா. அல்லாஹ் இருக்கிறான்."

சனிக்கிழமைகளில் நானும் மனைவியும் சண்டையை நிறுத்தச் சொல்லி யூனிவேர்சிற்றி அவெனியூ தெருவில் சனத்தோடு போய் நின்றோம். நான் பிடித்திருந்த மட்டையின் மை என் உள்ளங்கையில் ஊறி இறங்கியது. கார்க்காரர்கள் ஹோர்ன் அடித்தார்கள், ஆதரவாகவா எரிச்சலிலா என்று தெரியாது. எனக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது. வெயிலில் கோப்பி குடித்துக்கொண்டு போனவர்கள் மேலும் கோபம் வந்தது.

வைகாசியில் சண்டை முடிந்தது என்றார்கள். ரீவியில் வென்ற பக்கத்தார் வெடி கொளுத்திப் பாற்சோறு பகிர்ந்தார்கள். நான் வெட்கமில்லாமல் சந்தோசப்பட்டேன். முடிந்ததென்றால் செல் விழாது, முகாமுக்கு வந்திருப்பாள், எடுப்பாள். அந்த நாட்களில்தான் கை மிக மோசமாக வேர்த்தது. போனைக் கையில் பிடித்தால் வழுக்கியது.

பிறகு ஒரு காலையில் போன் வந்தது. வவுனியா முகாமிலிருந்து ஒரு பெண். அக்காவோடு ஒரே பதுங்குகுழியில் இருந்தவளாம். அவள் சொன்னதெல்லாவற்றையும் கேட்டு, நன்றி என்றும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வேலைக்குப் போகவேண்டாம் என்று மனைவி அழுதாள். வீட்டில் இருந்தால் ரீவியில் அந்த வெடிச் சத்தத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கவேண்டும். நான் போனேன்.

அன்றைக்கு வந்த துண்டில் குழிகள் கனக்க. தேய்த்தேன். குழியெல்லாம் போனது, விளிம்பு கத்தி மாதிரி நின்றது. இவ்வளவு சுத்தமாக நான் முன்பு செய்ததில்லை. முதலாளி வந்து எடுத்துப் பார்த்தார்.

"கை சுகமாகிவிட்டது போல! நல்லது" என்று என் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

பின்னேரம் நானா எண்ணெய்த் துணியோடு வந்தார். துண்டை விளக்கடியில் பிடித்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திருப்பினார். துடைக்க ஒன்றும் இருக்கவில்லை.

"இண்டைக்கு வலு திறமா வந்திருக்கு, தம்பி" என்றார்.

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். துண்டை மேசையில் வைத்தார். தன் கையுறையைக் கழற்றி, என் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையைப் பெருவிரலால் ஒருமுறை தடவினார். அது காய்ந்து கிடந்தது.

"அக்காவோ?" என்று கேட்டார்.

"ஓம், நானா."

அவர் என் கையை விடவில்லை. மற்றக் கையால் எண்ணெய்த் துணியை எடுத்து, ஒரு கறையும் இல்லாத அந்த இரும்பைத் துடைக்கத் தொடங்கினார்.