அசலைவிட வட்டி செல்லம்

அருப்புக்கோட்டையில் மிளகாய் வத்தலும் பருத்தியும் வந்து போகும் கமிஷன் கடை ஒன்றில் நான் கணக்கு எழுதுகிறேன். பரளச்சியிலிருந்து காலை பஸ்ஸில் போய், பொழுது சாயத் திரும்புகிற வேலை. வெளியூர் வியாபாரிகள் ஆளுக்கொரு பாஷையோடு கடைக்கு வருவார்கள். கொல்லத்துக்காரர் ஒருவர், தொழிலில் போட்ட பணத்தை ‘முடக்குமுதல்’ என்பார். நம் காதுக்கு அது முடங்கிப்போன முதல் என்று கேட்கும். வடக்கே இருந்து பஞ்சு வாங்க வரும் பெரியவர், பேரன் படத்தைப் போனில் காட்டிவிட்டு, “மூல் ஸே ப்யாஜ் ப்யாரா” என்று சிரித்தார். வெங்காயம்தான் பிரியம் என்கிறார் என்று நினைத்துக்கொண்டு நானும் தலையாட்டினேன். பிறகுதான் விளக்கினார். நான் நினைத்த வெங்காயம் ப்யாஸ், அவர் சொன்ன ப்யாஜ் என்றால் வட்டி. பிள்ளைகள் அசல், பேரப்பிள்ளைகள் வட்டி. அசலைவிட வட்டியின் மேல்தான் மனுசனுக்கு ஆசை அதிகமாம்.

நாங்கள் இதையெல்லாம் ரசித்துப் பேசுவோம். நஷ்டம் வந்தால் மட்டும் எல்லோரும் தமிழுக்கு வந்துவிடுவார்கள். “முதலுக்கே மோசம்” என்பதைக் கொல்லத்துக்காரரும் சொல்வார்.

அந்த அசல் வட்டிப் பழமொழியைத் தெலுங்கில் நான் கேட்டது என் மகளின் வளைகாப்பில். மாப்பிள்ளையை அவளே தேடிக்கொண்டாள். எம்.ரெட்டியபட்டிக்காரர், லோடு வண்டி ஓட்டுகிறார். அவர்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. எனக்கு ஆரம்பத்தில் பிடித்தமில்லை, பிறகு சமாதானமாகிவிட்டேன். ஆனால் சம்பந்தியம்மாவோடு பேச்சு அளவாகத்தான் இருந்தது. அன்று அந்த அம்மா என் மகளுக்கு வளையல் போட்டுவிட்டு, அவள் வயிற்றைத் தடவிக்கொண்டே சொன்னார்: “அசலு கண்டெ வட்டி முத்து.”

முத்து என்றால் நம்முடைய முத்து இல்லை, கொஞ்சல், செல்லம் என்று மகள் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. வடக்கத்திப் பெரியவர் சொன்னபோது ரசித்த அதே பேச்சுதான். ஆனால் இங்கே அசல் என்று ஓரமாக வைக்கப்பட்டது நான் பெற்ற பிள்ளை.

பிரசவத்துக்காக அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். எட்டாம் மாதம். காலில் வீக்கம் இருந்தது. வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும் என்று என் மனைவி நினைத்தாள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, நான் வீட்டில் இருந்தேன். தலை வலிக்கிறது என்று காலையில் படுத்தவள் மதியம் சாப்பிட எழுந்து வந்தாள்.

“அப்பா, கண்ணுக்கு முன்னாடி பூச்சி பூச்சியாப் பறக்குது” என்றாள்.

“பசி மயக்கமா இருக்கும். உக்காரு தாயி.”

உட்கார்ந்தாள். தட்டை இழுத்தவள், அப்படியே பக்கவாட்டில் சரிந்தாள். கை கால்கள் வெட்டி இழுத்தன. பல் கிட்டிக்கொண்டது. என் மனைவி போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. யாரோ இரும்புச் சாவியை அவள் கையில் திணித்தார்கள். யாரோ போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, எத்தனை கடவுள் பெயர் எனக்குத் தெரியுமோ அத்தனையையும் சொன்னேன்.

திருச்சுழி ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்தார்கள், ஊசி போட்டார்கள். “இங்க வச்சிருக்கக் கூடாது. உடனே மதுரைக்குக் கொண்டு போங்க. வெளிச்சமும் சத்தமும் படாமப் பாத்துக்கங்க” என்றார் டாக்டர். ஆம்புலன்ஸுக்குள் வெயில் கண்ணாடி வழியாக அடித்தது. என் துண்டை அவள் கண்ணுக்குமேல் விரித்துப் பிடித்துக்கொண்டேன். காரியாபட்டி தாண்டும்போது மறுபடியும் ஒருமுறை இழுத்தது. அதன்பிறகு அவள் பேசவில்லை. வண்டியில் இருந்த நர்ஸ் ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டே, “மூச்சு இருக்கு சார், மூச்சு இருக்கு” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அந்தப் பெண் எனக்காகத்தான் அதைச் சொன்னாள்.

மாப்பிள்ளை லோடு ஏற்றிக்கொண்டு கேரளாவில் இருந்தார். போனில் விஷயத்தைச் சொன்னதும் “வாரேன் மாமா, வாரேன்” என்று மட்டும் சொன்னார். அவருக்கு முன்னால் சம்பந்தியம்மா வந்துவிட்டார். களை வெட்டிக்கொண்டிருந்த காட்டிலிருந்து அப்படியே பஸ் ஏறியிருக்கிறார். சேலை ஓரத்தில் கரிசல் மண் ஒட்டியிருந்தது. வந்தவர் எங்களை விட்டுத் தள்ளி, சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு டாக்டரம்மா வெளியே வந்தார். சின்ன வயசு.

“உடனே ஆபரேஷன் பண்ணி குழந்தையை எடுக்கணும். ரெண்டு உயிரையும் காப்பாத்தத்தான் போராடுவோம். குழந்தைக்கு இன்னும் வளர்ச்சி பத்தாது. எது எப்படி ஆனாலும் நாங்க அம்மாவைத்தான் முதல்ல பாப்போம். புரியுதா? வீட்டுல பெரியவங்க யாரு?”

நான் என்னை அறியாமல் சம்பந்தியம்மாவைப் பார்த்தேன். இந்த அம்மா இப்போது என்ன சொல்லப்போகிறது? பேரப்பிள்ளை என்று ஆரம்பித்தால் நான் என்ன செய்வேன்? சண்டை போடத் தயாராக இருந்தேன். அந்த நிலையிலும் மனுசனுக்குச் சண்டை போடத் தோன்றுகிறது.

சம்பந்தியம்மா எழுந்து வந்து டாக்டரம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “அசலு உண்டே சாலு” என்றார். டாக்டரம்மா விழித்தார். தான் தெலுங்கில் பேசிவிட்டது அப்போதுதான் அந்த அம்மாவுக்கு உறைத்தது.

“எங்க புள்ள இருந்தாப் போதும்மா. பெரிய புள்ள. அவளக் குடுத்துருங்க.”

நான் கையெழுத்துப் போட்டேன். பிறகு போய் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். என் மனைவி அவர் தோளில் சாய்ந்து அழுதாள்.

பிறந்தது பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். உடம்பில் தோல்தான் இருந்தது, சதை இனிமேல்தான் வரவேண்டும். ஓடி வந்து சேர்ந்த மாப்பிள்ளை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று போனில் படம் எடுத்தார். மகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவில்லாமல் கிடந்தாள். அவர் இங்கே கொஞ்ச நேரமும் அங்கே கொஞ்ச நேரமுமாக மாறி மாறி ஓடினார். இரண்டு இடத்திலும் கதவுக்கு வெளியேதான் நிற்க முடிந்தது.

குழந்தை இரண்டு நாள் இருந்தது. பிறகு இல்லை.

மகள் இன்னும் கண் விழிக்கவில்லை. எப்போது விழிப்பாள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. குழந்தையை வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது என்றார்கள். மாப்பிள்ளையும் நானும் துணியில் சுற்றிய அந்தக் குழந்தையை எடுத்துக்கொண்டு பரளச்சிக்கு வந்தோம். வழி முழுக்க மாப்பிள்ளைதான் மடியில் வைத்திருந்தார். மயானத்தில் சின்னப் பிள்ளைகளுக்கென்று இருக்கும் மூலையில் கருவேலத்தை வெட்டி ஒதுக்கி, குழி தோண்டினோம். கரிசல் காய்ந்து கல்லாகக் கிடந்தது. கடப்பாரை இறங்கவில்லை. தண்ணீர் ஊற்றி ஊற வைத்துத் தோண்டவேண்டியிருந்தது. அவ்வளவு சின்னக் குழிக்கு.

மதுரைக்குத் திரும்பிப் போன பிறகு மகளுக்கு நினைவு வந்தது. உதடு வெடித்துப்போயிருந்தது.

“பாப்பா எங்கப்பா?”

மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்தான் சொன்னேன். என்ன வார்த்தையில் சொன்னேன் என்பது இப்போது நினைவில்லை. அவள் அழவில்லை.

“எங்க வச்சிருக்காக?”

“ஊருக்குக் கொண்டு போயி…”

“நான் பாக்கலையேப்பா. எனக்குக் காட்டாமயே பொதச்சுட்டீங்களா?”

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டது. ஒரு நர்ஸ் வந்து கட்டுப்போட்டுவிட்டுப் போனார். சேலை நனைய நனைய அவள் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். நானும் மாப்பிள்ளையும் வெளியே வராந்தாவில் நின்றோம். ஆண்கள் செய்வதற்கு அங்கே எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஆட்கள் வந்து பார்த்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான். “மரம் இருந்தாக் காய்க்காமலா போகும்” என்றார்கள். “தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு” என்றார்கள். ஒவ்வொரு தடவையும் நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். அவளுக்கு ஒவ்வொரு நாளும் இதுதான்: பிரஷர் மாத்திரை, சோறு, தூக்கம். போனில் இருந்த அந்தப் படத்தை மட்டும் எடுத்து எடுத்துப் பார்ப்பாள்.

ஒருநாள் எங்கள் முதலாளி வந்தார். அவ்வளவு தூரம் காரில் வந்திருந்தார். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்திருந்தார். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் ஒருமுறைகூட ‘எப்போது வேலைக்கு வருகிறாய்’ என்று கேட்காத மனுசன். அவள் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து பரிவோடுதான் சொன்னார்:

“முதலுக்கு மோசமில்லாமத் திரும்பி வந்துட்டியேம்மா. அது போதும். முதலு இருந்தா வட்டி தானா வரும்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“அது வட்டி இல்ல” என்றாள்.

முதலாளிக்குப் புரியவில்லை. “என்னம்மா?”

“அது வட்டி இல்ல. எம்புள்ள. ஏன் எல்லாரும் யாவாரம் மாதிரியே பேசுறீக? நான் முதலும் இல்ல, அவ வட்டியும் இல்ல. இன்னொண்ணு வந்தா அது அவளாயிருமா? அவ வந்தா. செத்துப்போனா. ஒரு ஆளாவது ‘ஒம்மக செத்துப்போச்சே’ன்னு எங்கிட்டச் சொல்லுங்களேன்!”

முதலாளி எழுந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. “சொல்லத் தெரியலம்மா எங்களுக்கு” என்றார். அவள் அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். சம்பந்தியம்மா அன்று எங்கள் வீட்டில்தான் இருந்தார். அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அழுகை அடங்குகிறவரை முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு அவளை மயானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெண்கள் அங்கே போகும் வழக்கமில்லை என்று யாரோ வாசலில் சொன்னார்கள். அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் வேலைக்குத் திரும்பினேன். முதல் நாள் ஒரு வியாபாரி வத்தல் மூட்டையில் கையை விட்டு அளைந்துகொண்டே கேட்டார்: “அடக்கம் என்னண்ணே ஆச்சு?”

கடையில் தினமும் கேட்கிற கேள்விதான். வாங்கிய விலையைத்தான் அடக்கம் என்போம். எனக்குக் கடப்பாரை இறங்காத அந்த மண் கண்ணுக்கு முன்னால் வந்தது. எழுந்து பின்பக்கம் போய், மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டேன். வத்தல் நெடி என்று நினைத்துக்கொள்வார்கள் என்பது ஒரு வசதியாக இருந்தது. அன்றிலிருந்து நான் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை, ‘வாங்கின வெல’ என்கிறேன்.

இப்போது அவள் ரெட்டியபட்டியில் இருக்கிறாள். மாத்திரை தொடர்கிறது. அடுத்த பிள்ளை பற்றி நாங்கள் யாரும் கேட்பதில்லை. டாக்டர் பார்த்துச் சொல்லட்டும், அவளுக்கும் மனசு வரட்டும்.

போன மாதம் செக்கப்புக்காக அவளை மதுரைக்கு அழைத்துப்போனேன். பஸ்ஸில் அவள் பக்கத்தில் மல்லாங்கிணற்றுக்குப் போகிற அம்மா ஒருவர், மடியில் பேத்தியோடு உட்கார்ந்திருந்தார். நான் பின் சீட்டில் இருந்தேன். அந்த அம்மா பேச்சுவாக்கில் கேட்டார்:

“ஒனக்கு எத்தன புள்ளைக தாயி?”

நான் குனிந்துகொண்டேன். மகள் நிதானமாகச் சொன்னாள்.

“ஒரு பொண்ணு. பெறந்து ரெண்டு நாள்ல எறந்துருச்சு.”

அந்த அம்மா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. “பேரு வச்சீகளா?” என்று மட்டும் கேட்டார். மகள் ஒரு பெயரைச் சொன்னாள். எனக்கே அன்றுதான் தெரியும். பஸ் சத்தத்தில் அது சரியாகக் காதில் விழவில்லை. முன்னால் சாய்ந்து கேட்கலாமா என்று நினைத்தேன். அவளாகச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.