வாயில கண்ணாடி இருக்கு

எதிரே உட்கார்ந்திருக்கிறவர் நாலு வாக்கியத்துக்கு மேல் போனால், ஜெயசீலியின் வலது கை தானாக மேஜை மேலிருக்கும் சின்னத் தகரக் குழலைத் தேடிப் போகும். மூடியைத் திருகித் தெர்மாமீட்டரை எடுத்து, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, மணிக்கட்டைச் சொடுக்கி உதறுவாள். "ஆ காட்டுங்க." அவ்வளவுதான். வந்தவர் காலில் ஆணி குத்தி வந்தவராகவே இருக்கட்டும், காய்ச்சலுக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்தி இல்லாமலே இருக்கட்டும், வாயைத் திறந்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். நடுவில் உதட்டை அசைத்தால் அதட்டல் விழும்: "பேசாதீங்க, வாயில கண்ணாடி இருக்கு."

காலையில் பம்பாய்ப் பரேலில் ஒரு மில் மருந்தகத்தில் வேலை. சாயங்காலம் தாராவி லேபர் கேம்ப்பை ஒட்டிய சந்தில், தகரக்கூரை போட்ட ஒற்றை அறை வீட்டில், ஊசியும் கட்டும். அந்தச் சந்தில் அவளைப் பற்றிக் குறை சொல்லாத ஆளே இல்லை. பக்கத்து வீட்டுப் பூமாரி சொல்வாள்: "என் மாமியாப் பொம்பளையைப் பத்தி மனசைத் திறந்து ரெண்டு வார்த்தை பேசலாம்னு போனா, குச்சியைத் திணிச்சிருதா! அதை எடுக்குதுக்குள்ள எனக்கு ஆத்திரமே ஆறிப்போச்சு." குறை சொன்னவர்கள் எல்லாருமே மறுபடி வருவார்கள். தையல் போட அவள் கைக்கு மிஞ்சிய கை அந்த வட்டாரத்தில் கிடையாது.

ரத்தத்தோடு வருகிறவர்களிடம் இன்னொரு வழக்கம். எப்படிப் பட்டது, யார் அடித்தது என்று கேட்கமாட்டாள். முதலில் கத்திரிக்கோல் வரும், சட்டை போகும். காலரிலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பு. வெட்டிய துணியைச் சுருட்டி வெளியே வாளியில் போட்டுவிட்டு, கழுத்துவரை வெள்ளைப் போர்வையை இழுத்துவிட்ட பிறகுதான் காயத்தைப் பார்ப்பாள். போன தீபாவளிக்கு, தலை பிளந்து வந்த ஒருவன் தலையை மறந்து, தன் புது டெரிலின் சட்டைக்காகக் குலுங்கி அழுதான். அவள் மனம் இளகவில்லை. "நீ வாயைத் திறக்கிறதுக்கு முந்தி சட்டை பேசிரும்லா? இவன் யாரு, எந்தத் தெரு, எந்தக் கொடின்னு. முதல்ல அதை அனுப்பணும்" என்றாள்.

இரண்டு வழக்கமும் ஏடனில் வந்தவை. சாத்தான்குளத்துக்காரி, நர்சிங் படித்துவிட்டு பம்பாய்க்கு வந்து, இங்கிருந்து கப்பலேறி, வெள்ளைக்காரன் ஆண்ட அரபுத் துறைமுகமான ஏடனில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். போன புதிதில் அங்கே பெரிய நோய் என்றால் வெயில்தான். பிறகு கையெறி குண்டு வந்தது. காபிக் கடையில் விழுந்தது, சினிமா வாசலில் விழுந்தது, விருந்து நடக்கும் வீட்டு ஜன்னல் வழியாகவும் விழுந்தது. ஜன்னலுக்கெல்லாம் கம்பிவலை அடித்ததில் ஊரே கோழிக்கூடு மாதிரி ஆயிற்று. எறிந்தவனை ரேடியோ பயங்கரவாதி என்றது; தெருவில் அவனையே உயிரைக் கொடுக்கத் துணிந்த வீரன் என்றார்கள். எறிந்தவனும், அந்த வழியே ரொட்டி வாங்கப் போய் அடிபட்டவனும் ஒரே வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தார்கள். சட்டையை வெட்டி எறிந்த பிறகு யார் எவர் என்று ஜெயசீலிக்கும் தெரியாது. கட்டில் நம்பர்தான் தெரியும்.

ஒருநாள் பட்டாளத்தார் வார்டுக்குள் வந்து கட்டில் கட்டிலாக நின்று பேர் கேட்டார்கள். மூன்றாம் நம்பர் கட்டிலில் இருந்தவன் ஏதோ ஒரு பேர் சொன்னான். பேர் பொய்யாக இருந்திருக்கலாம், பேச்சு பொய் சொல்லவில்லை. கலகம் தொடங்கிய மலைநாட்டின் அரபியென்று, கூட வந்த மொழிபெயர்ப்பாளனுக்கு உடனே விளங்கிவிட்டது. கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். கட்டில் மட்டும் திரும்பி வந்தது.

இதை அவள் அதிகம் பேருக்குச் சொன்னதில்லை. தம்பி ஜோசப்ராஜிடம் ஒரு தடவை சொன்னாள். "அவன் நல்லவன்னு நான் சொல்லுதேனா? சொல்லலை. அவன் எறிஞ்சதுல எந்தப் பிள்ளைக்குக் கண்ணு போச்சோ, யாரு கண்டா. ஆனா தையல் பாதியில கிடந்துது பாத்துக்கோ. என் தையலு." சொல்லும்போது கோபம்தான் தெரிந்தது. ஆனால் கோபம் இருக்கிற ஆள் அப்படிக் கண்ணைத் துடைத்துக்கொள்ள மாட்டாள்.

மறுநாளிலிருந்து, மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டால் வார்டு முழுக்க ஒரே சமயத்தில் காய்ச்சல். அலமாரியில் இருக்கிற தெர்மாமீட்டரெல்லாம் வாய்க்கு ஒன்றாகப் போய்விடும். வெள்ளைக்காரன் எதை மதித்தானோ இல்லையோ, தெர்மாமீட்டரை மதித்தான். கொஞ்ச நேரம் நிற்பான், கடிகாரத்தைப் பார்ப்பான், போய்விடுவான். கடைசியில் வெள்ளைக்காரனை எதிர்த்த இரண்டு கட்சிகளும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன, வெள்ளைக்காரன் கப்பலேறினான், பின்னாலேயே ஜெயசீலியும் ஏறினாள். அறுபத்தேழாம் வருஷக் கடைசியில் பம்பாயில் இறங்கியபோது, ஒரு டிரான்சிஸ்டரும் ஒரே ஒரு தெர்மாமீட்டரும் அவள் பெட்டியில் இருந்தன.

அந்த டிரான்சிஸ்டரைச் சுற்றித்தான் அக்காவுக்கும் தம்பிக்கும் தினசரிச் சண்டை. ஜோசப்ராஜ் கிங்ஸ் சர்க்கிளில் ஒரு ஹோட்டலில் சப்ளையர். மாதுங்காவின் ஆபீசர்கள் காபியோடு பேசும் உலக அரசியலில் பாதி அவன் காதில் ஒட்டிக்கொண்டு வீடு வந்து சேரும். சைகோனில் ஹோட்டலில் குண்டு, விமானத்தை வழிமறித்து அல்ஜீரியாவுக்குக் கொண்டுபோனார்கள், ஏதென்ஸ் விமான நிலையத்தில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி வர வர, இவன் எவன் பக்கம் நியாயம் என்று தீர்ப்பெழுதிக்கொண்டிருப்பான். அவள் அரிசியில் கல் பொறுக்கியபடி ஒன்றே ஒன்று சொல்வாள்: "இந்நேரம் அங்க ஒருத்தி கத்திரிக்கோலைத் தேடிக்கிட்டிருப்பா."

"உலகமே உனக்கு ஒரு கத்திரிக்கோல்தானா யக்கா?" என்று சிரிப்பான் தம்பி.

இந்த அறுபத்தொன்பதாம் வருஷம் பிப்ரவரியில், சிரிப்பதற்கில்லாமல் போயிற்று. எல்லையில் எந்த ஊர் எந்த மாநிலத்துக்கு என்ற தகராறு பம்பாய் வீதிக்கு வந்தது. மதராசிகள் எங்கள் வேலையைப் பறிக்கிறார்கள் என்ற மராத்திக்காரர்களின் பழைய ஆத்திரமும் கூடச் சேர்ந்துகொண்டது. பஸ் எரிந்தது, கடைகள் எரிந்தன. ஜெயசீலி மில்லுக்குப் போகவில்லை; எல்லாம் பந்த். ஜோசப்ராஜ் மட்டும் ஹோட்டலுக்குக் காவலிருக்கப் போயிருந்தான். பகல் சாப்பாட்டு வேளையில் வாசலில் கைவண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது.

வண்டிக்காரர் முகம்மது ஹனீப், பக்கத்துச் சந்துக்காரர். வண்டியில் இரண்டு பேர் கிடந்தார்கள். ஒருவன் ஜோசப்ராஜ், நெற்றியிலிருந்து கண்வரை ரத்தம். இன்னொருவன் இருபது வயசு சொல்லலாம், தொடையில் கண்ணாடி கிழித்திருந்தது. "ரெண்டு பேரும் ஹோட்டல் சந்துல ஒண்ணா கிடந்தாங்கம்மா. ஒருத்தனைத் தூக்கிட்டு ஒருத்தனை விட்டுட்டு வர மனசு வரலை" என்றார் ஹனீப். தம்பியைப் பார்த்ததும் ஜெயசீலி கத்திரிக்கோலை எடுத்தாள். இரண்டு சட்டைகளும் வாளிக்குப் போயின. இரண்டு உடம்பும் தரையில் ஒரே மாதிரிப் போர்வைக்குள் வந்தன. தம்பியின் நெற்றிக் காயம் ஆழமில்லை. மற்றவனுடைய தொடைதான் நிற்காமல் கொட்டியது.

"ஜோசப்பு, எந்திரிச்சு உக்காரு. இந்தப் பஞ்சு மேல ரெண்டு கையையும் வச்சு அமுக்கு. நான் நூல் கோக்கணும்."

ஜோசப்ராஜ் எழுந்து அமுக்கினான். அமுக்கியபடி அந்த முகத்தைப் பார்த்தான். பார்த்தவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "யக்கா, இவன்தான். கம்பியால ஹோட்டல் கண்ணாடியை உடைச்சது இவன்தான். அந்தக் கண்ணாடிதான் என் நெத்தியில."

"கையை எடுத்திராத" என்றாள் அவள்.

ஊசி இறங்கியதும் அந்தப் பையன் "ஆயீ..." என்று அலறினான். அம்மாவைத்தான் கூப்பிட்டான், ஆனால் மராத்தியில் கூப்பிட்டான். சந்து முழுக்கக் கேட்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் வாசல் பக்கம் செருப்புகள் வரும் சத்தம் கேட்டது. ஜெயசீலி ஊசியைத் தையலிலேயே விட்டுவிட்டு, தகரக் குழலைத் திறந்தாள். அவன் காதருகில் குனிந்து, "தோண்ட் உகட்" என்றாள், அவன் பாஷையிலேயே. வாயைத் திறந்தான். நாக்கின் அடியில் வைத்து உதட்டை மூடிவிட்டாள்.

வாசலை அடைத்துக்கொண்டு நின்றவர் ஆபிரகாம். லேபர் கேம்ப் முனையில் சோடாக் கடை வைத்திருந்தவர். காலையில்தான் அது எரிந்திருந்தது. கையில் தடி, பின்னால் நாலைந்து பேர். சாதாரண நாளில் எறும்பைக் கூட மிதிக்காமல் ஒதுங்கிப் போகிற மனுஷர். அன்று கண் சிவந்து கிடந்தது.

"யாருலே சத்தம் போட்டது? இந்தப் பய யாரு தாயி?"

"சுகமில்லாத பய, அண்ணாச்சி."

"நம்ம ஆளா?"

"காயம் ஆறட்டும், பொறவு கேட்டுக்கிடலாம்."

ஆபிரகாம் உள்ளே வந்து குனிந்தார். "ஏலே, உன் பேரு என்னலே? சொல்லு."

பையன் தெர்மாமீட்டரோடு மேலே பார்த்தான்.

"வாயில கண்ணாடி இருக்கு அண்ணாச்சி. கடிச்சான்னா பாதரசம் உள்ள போயிரும். உங்களுக்குத் தெரியாததா?"

அவருக்குத் தெரியும். போன மாசம் இருமலோடு வந்து, அரசாங்கத்தைத் திட்ட ஆரம்பித்து, இதே கண்ணாடியோடு அரைமணி உட்கார்ந்திருந்தவர்தான். "சரி, பாத்துட்டு எடு. அதுவரை நிக்கேன்" என்றார். நிஜமாகவே நின்றார். ஜெயசீலி குனிந்து, விட்ட இடத்திலிருந்து தைக்கத் தொடங்கினாள். இந்தத் தையலும் பாதியில் நின்றுவிடுமோ என்ற பயத்தில் அவள் விரல் நூலைத் தவறவிட்டது, முதல் தடவையாக.

ஆபிரகாம் தடியைக் கை மாற்றிக்கொண்டு தம்பியின் பக்கம் திரும்பினார். "ஜோசப்பு, நீ சொல்லுடே. ஒரே வண்டியில வந்தீங்களாமே. இவன் யாரு?"

ஜெயசீலி நிமிர்ந்து தம்பியைப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சுவது போலாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். அவன் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் அவன் கைமேலேயே விழுந்தது. அந்தக் கைக்குக் கீழேதான் மற்றவனுடைய ரத்தம்.

"பேசவைக்காதீங்க அண்ணாச்சி" என்றான் ஜோசப்ராஜ். "கை அசைஞ்சா ரத்தம் பீச்சும்."

ஆபிரகாம் அவன் முகத்தைப் பார்த்தார். அவன் கையைப் பார்த்தார். என்ன விளங்கியதோ, விளங்காதது போல இருந்துவிட்டாரோ, இன்றுவரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. "நாங்க முனையிலதான் நிப்போம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். செருப்புகள் ஒவ்வொன்றாகப் பின்னாலேயே போயின.

மறுநாள் காலை, பால்காரர்கள் வரத் தொடங்கிய நேரத்தில், அந்தப் பையன் ஜோசப்ராஜின் வேறொரு சட்டையைப் போட்டுக்கொண்டு, ஹனீபின் கைவண்டியில் கோணிக்கு அடியில் படுத்து தாதர் பக்கம் போய்ச் சேர்ந்தான். அவன் பேர் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. ஜெயசீலி கேட்கவில்லை.

அது மறுநாள் கதை. அன்றைக்கு, வாசலில் செருப்புச் சத்தம் ஓய்ந்ததும், அவள் கடைசி முடிச்சைப் போட்டு நூலை வெட்டினாள். தம்பி மெல்லக் கையை எடுத்தான், ரத்தம் வரவில்லை. பையனின் வாயிலிருந்து தெர்மாமீட்டரை உருவினாள். எந்த மனுஷர் வாயிலிருந்து எடுத்தாலும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவள், அதைப் பார்க்கவில்லை. "யக்கா..." என்று தம்பி ஏதோ சொல்ல வந்தான். அவளுக்கும் சொல்ல என்னவெல்லாமோ தொண்டைவரை வந்து நின்றது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள், மணிக்கட்டைச் சொடுக்கி உதறினாள், தன் நாக்கின் அடியில் வைத்து வாயை இறுக மூடிக்கொண்டு, சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள்.