கண்ணளவில் கலந்த பசை

என் வீட்டுக்காரருக்குப் பட்டறையில் 'அஞ்சு நிமிஷம்' என்று பெயர். வண்டியை இடித்துக்கொண்டு வந்து நிற்கிற யாரிடமும் அவர் வேறு கணக்குச் சொன்னதில்லை. கதவு நசுங்கியிருந்தாலும் சரி, கதவே இல்லாமல் போயிருந்தாலும் சரி, "அஞ்சு நிமிஷம் சார், உட்காருங்க" என்பார். உட்கார்ந்தவர்கள் பேப்பர் படித்து, டீ குடித்து, ஒரு தூக்கம் போட்டு எழுந்து, கடைசியில் நடந்தே வீட்டுக்குப் போவார்கள். ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. தகரத்தைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசி, தேய்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்தால் அடிபட்ட இடம் எது என்று வண்டியின் சொந்தக்காரரே தடவித் தடவித் தேடுவார்.

பட்டி என்பது சாம்பல் நிறத்தில் குழைவாக இருக்கும் ஒரு பூச்சு. டப்பாவிலிருந்து அள்ளித் தகட்டில் வைத்து, கூடவே வருகிற சிவப்பு ட்யூபைப் பிதுக்கிக் குழைத்தால் இறுகும். சிவப்பு கூடக் கூடச் சீக்கிரம் இறுகும். அவசரக்காரர் வண்டி என்றால் நிறையப் பிதுக்குவார், சாவகாசமானவர் வண்டி என்றால் கொஞ்சமாக. இதற்கு அளவு கிடையாது, கண்தான். இத்தனை வருஷத்தில் அந்தக் கண் ஒருமுறையும் தப்பு செய்ததில்லை. இனி நான் சொல்லப்போகிற எல்லா நாசத்துக்கும் அந்தக் கண்தான் காரணம் என்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

விமானப் பைத்தியம் ஒரு பல் டாக்டரின் வண்டி மூலம் எங்கள் வீட்டுக்கு வந்தது. அந்த டாக்டர் ரிமோட்டில் பறக்கிற பொம்மை விமானங்களைக் கட்டுபவர். வானத்தைப் பார்த்துக்கொண்டே வண்டியைப் பின்னால் எடுத்துக் கம்பத்தில் இடித்துவிட்டார். வண்டி பட்டறைக்கு வந்தபோது பின் சீட்டில் ஒரு இறக்கை கிடந்தது. நசுங்கின இடத்தைப் பார்க்க வேண்டிய என் வீட்டுக்காரர் அந்த இறக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வாரக் கடைசியிலேயே இரண்டு பேரும் ஊருக்கு வெளியே, கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கிற காலி மைதானத்தில் நின்றார்கள். அதற்கப்புறம் என் வீட்டில் யாருக்கும் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததில்லை.

எங்கள் வீட்டில் ஒரு சின்ன அறை உண்டு. அதில் என் தையல் மிஷின் இருந்தது. பள்ளிக்கூடச் சீருடை, ஜன்னல் திரை, இடுப்பு பெருத்தவர்களின் பேண்ட் என்று அக்கம்பக்கத்து வேலையெல்லாம் அங்கேதான் நடந்தது. முதலில் ஒரு மூலையில் நாலு பால்சா கட்டைகள் வந்து சாய்ந்தன. இந்தக் கட்டை ரஸ்க் மாதிரி லேசாக இருக்கும், அதை விடச் சுலபமாக உடையும். பிறகு அட்டை மாதிரியான நுரைப் பலகைகள் வந்தன. பிறகு ஒரு நீள மேஜை வந்து சுவரோடு திருகப்பட்டது. ஒருநாள் பார்த்தால் என் மிஷின் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருக்கிற சந்தில் நின்றுகொண்டிருந்தது. யார் குளிக்கப் போனாலும் நான் நாற்காலியோடு எழுந்து வழிவிட வேண்டும். துண்டும் தோளுமாக ஒருவர் தலைக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, காலர் தைத்துப் பாருங்கள், தெரியும்.

இவ்வளவு இடத்தைப் பிடுங்கிக்கொண்டு கட்டின விமானங்களாவது உருப்பட்டனவா என்றால், அதுவும் இல்லை. ஒன்று மரத்தில் ஏறிக்கொண்டது. ஒன்று கிடங்கின் கூரையில் தங்கிவிட்டது. இன்னொன்று பறக்கவே இல்லை. நொடியில் ஒட்டுகிற பசையை அவர் அந்த நுரை இறக்கையில் தாராளமாக ஊற்ற, டீயில் போட்ட சர்க்கரை மாதிரி இறக்கை அவர் கண் முன்னாலேயே கரைந்தது. "பசை போலி" என்றார். அவருக்கு ஒட்டாத பசை எல்லாமே போலிதான்.

ஒருநாள் சீருடை தைக்கக் கொடுக்க வந்த பெண் என் சந்தில் நிற்க இடமில்லாமல் குளியலறைக்குள் நின்று அளவு கொடுத்தாள். அன்றைக்கு எனக்குப் பொறுமை விட்டுப்போனது.

"என்னங்க, ஒண்ணு நானு, இல்லாட்டி உங்க ப்ளேனு. அந்த ரூம்ல ரெண்டுல ஒண்ணுதான் இருக்கும்."

அவர் யோசித்தார். "இப்ப கட்டறேன் பாரு, பெரிசு. அது போயிட்டு முழுசா திரும்பி வந்து சக்கரத்துல இறங்கினா ரூம் எனக்கு. இல்லேன்னா உனக்கு. அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"அஞ்சு நிமிஷத்துல காலி பண்ணிக் குடுக்கறேன்."

அவருடைய அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒத்துக்கொண்டேன். எனக்கு அந்த அறை வேண்டும், அதன் ஜன்னல் வெளிச்சம் வேண்டும், குளிக்கப் போகிறவர்களின் முதுகைப் பார்க்காத ஒரு வாழ்க்கை வேண்டும்.

பெரிய விமானத்துக்கு மூக்கில் ஒரு ப்ளைவுட் பலகை உண்டு. மோட்டார் அதில்தான் உட்காரும். மோட்டார் இழுக்கிற இழுப்பு முழுவதையும் அந்தப் பலகை தாங்க வேண்டும், பலகையைப் பசை தாங்க வேண்டும். அந்த இடத்துக்கு எபாக்ஸிப் பசைதான் என்பதில் மைதானத்துக்கு விமானம் விட வருகிற எல்லாருக்கும் ஒரே கருத்து. எந்த எபாக்ஸி என்பதில்தான் நட்பே முறிந்துபோகிற அளவுக்குச் சண்டை. அஞ்சு நிமிஷத்தில் இறுகுவது ஒன்று, முப்பது நிமிஷம் எடுத்துக்கொள்வது ஒன்று. என் வீட்டுக்காரர் எந்தக் கட்சி என்று சொல்ல வேண்டியதில்லை.

பல் டாக்டர்தான் அவரை மடக்கினார். "அண்ணே, சின்னச் சின்ன வேலைக்கு அஞ்சு நிமிஷம் சரி. மோட்டார் பலகைக்கு வேணாம். மெதுவா இறுகறதுதான் கட்டைக்குள்ள ஊறிப் பிடிக்கும். உங்களுது மோட்டார் சூட்டுலயே இளகிடும்."

"நாள் பூரா பல்லைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற உங்களுக்குப் பொறுமை இருக்கு டாக்டர்."

"பல்லும் ஒட்டணும்ல அண்ணே."

கட்சி மாறியவர் முகத்தோடு முப்பது நிமிஷப் பசையை வாங்கி வந்தார். இரண்டு பாட்டில்கள். ஒன்றில் தேன் மாதிரி பிசின், இன்னொன்றில் அதை இறுக வைக்கிற ஹார்ட்னர். கூட ஒரு துண்டுச்சீட்டு. அவர் அதைப் பிரிக்காமலே குப்பையில் போட்டார். நான் எடுத்துப் படித்தேன். என் தொழிலில் அரை அங்குலம் தவறினால் அக்குள் கிழியும், அதனால் எனக்குப் படிக்கிற வியாதி உண்டு.

"ரெண்டும் சரிசமமா ஊத்தணும்னு போட்டிருக்குங்க. ஒண்ணு கூடினாலும் கெட்டுடும்னு தனியா கட்டம் கட்டிப் போட்டிருக்கு."

"அதெல்லாம் புதுசா செய்யறவனுக்கு எழுதறது."

"நீங்களும் இதுக்குப் புதுசுதானே?"

"ஏம்மா, நான் எத்தனை டப்பா பட்டி குழைச்சிருக்கேன்? ஹார்ட்னர்னு பேரு வச்சிருக்கான். அது கூட இருந்தா ஹார்டா ஆகாம, சாஃப்டாவா ஆகும்?"

இதற்குப் பதில் அந்தச் சீட்டில் இருந்தது, அதை அவர் படிக்கப்போவதில்லை.

மற்றபடி அவர் வேலையைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும். பலகையை உப்புத்தாளால் தேய்த்தார். பசை உள்ளே இறங்க, என் நல்ல ஊசியை எடுத்து விளிம்பெல்லாம் குத்தினார். ஸ்பிரிட்டில் துடைத்தார். வழியாமல் இருக்க ஓரத்துக்கு டேப் ஒட்டினார். எல்லாம் முடித்து, கடைசியில் கிண்ணத்தில் பிசினை ஊற்றி, அதன் மேல் ஹார்ட்னரை ஊற்றினார், ஊற்றினார், ஊற்றிக்கொண்டே இருந்தார். அறை கையை விட்டுப் போய்விடக் கூடாது என்ற பயம் அவருக்கு. பயத்தில் இன்னும் ஒரு சுற்று ஊற்றினார்.

மறுநாள் பலகையை விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். டக் டக் என்றது. தட்டினால் கட்டை அப்படித்தான் சொல்லும்.

ஞாயிற்றுக்கிழமை நானும் மைதானத்துக்குப் போனேன். அறை யாருக்கு என்பதை என் கண்ணால் பார்க்க வேண்டுமல்லவா? விமானம் உண்மையிலேயே அழகு. சிவப்பும் வெள்ளையுமாக, கார் மாதிரியே பளபளத்தது. ஓடியது, எழும்பியது, வட்டமடித்தது. என் வீட்டுக்காரர் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றார். சந்தோஷத்தில் அந்த மனிதர் எப்படி இருப்பார் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. சரி, அறை போனால் போகட்டும் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

அடுத்த வட்டத்துக்கு அவர் வேகத்தைக் கூட்டினார். மோட்டார் உற்சாகமாக முன்னால் போனது. விமானம் வரவில்லை. பலகை, மோட்டார், விசிறி மூன்றும் சேர்ந்து தனியாக ஒரு பயணம் கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் விழுந்தன. மூக்கில்லாத விமானம் வால் கனத்துத் தலையைத் தூக்கி, ஒரு கணம் வானத்தில் நின்று, பிறகு முதுகு கீழாக வந்து சேர்ந்தது. முழுசாகவும் இல்லை, சக்கரத்திலும் இல்லை.

உடனே விமான வைத்தியர்கள் கூடிவிட்டார்கள். காற்று என்றார் ஒருவர். விசிறி பெரிது என்றார் இன்னொருவர். பேட்டரி என்றார் மூன்றாமவர், அவர் எதற்கும் பேட்டரி என்பவர். என் வீட்டுக்காரர் "பசை போலி" என்றார், ஆனால் குரலில் சத்து இல்லை. நான் போய்ப் பலகையை எடுத்து வந்தேன். விளிம்பில் வழிந்திருந்த பசையைக் கட்டைவிரல் நகத்தால் அமுக்கினேன். நகம் உள்ளே போனது. பென்சில் அழிக்கிற ரப்பர் இதை விடக் கெட்டி. ஆளாளுக்கு வாங்கி, கத்தரிக்காய் வாங்கப் போனவர்கள் மாதிரி அமுக்கிப் பார்த்தார்கள். கடைசியாக அவர் அமுக்கினார். பல் டாக்டர் மெதுவாக, "ஹார்ட்னர் கூடிப்போச்சு அண்ணே. இது பட்டி இல்ல. ஒண்ணுக்கு ஒண்ணு கைகோர்க்கணும், மிச்சமானது சும்மா கிடந்து கொழகொழங்கும்" என்றார்.

வீட்டுக்கு வந்து அவர் வாயே திறக்கவில்லை, சொன்னபடி. சாப்பிட்டதும் அறையைக் காலி செய்ய ஆரம்பித்தார். கட்டைகள், நுரைப் பலகைகள், டேப் எல்லாம் மாடிப்படிக்குக் கீழே போயின. சுவரோடு திருகின மேஜை மட்டும் நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்ன நேரத்துக்குள் ஒரு வேலையை முடித்தார். ஜெயித்தவள் நான்தான், ஆனால் அந்தக் காலி அறைக்குள் கால் வைக்காமல் வாசலிலேயே நின்றேன். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.

மிஷினை ஸ்டாண்டோடு தூக்கிக்கொண்டு இருவரும் சந்தை விட்டு வெளியே வந்தோம். வாசற்படி தாண்டும்போது ஸ்டாண்டின் ஒரு கால் தானாகக் கழன்று அவர் காலருகே விழுந்தது. போன வருஷம் அது ஆடுகிறது என்று நான் சொல்ல, "அஞ்சு நிமிஷம்" என்று அவர் தன் அஞ்சு நிமிஷ எபாக்ஸியைக் கலந்து ஒட்டிக் கொடுத்த கால். அவர் ஒட்டியிருந்த இடத்தை நகத்தால் அமுக்கினேன். நகம் உள்ளே போனது. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

பிறகு அவர் ஒட்டின சாமான்களைத் தேடி நான் வீடு முழுவதும் போனேன். குடைக் கைப்பிடி, மெத்து. முக்காலி, மெத்து. குளியலறைக் கண்ணாடிப் பலகை, கடிகாரத்தின் முதுகு, என் செருப்பின் குதிகால், எல்லாம் மெத்து. அவர் என் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றையும் தானும் அமுக்கிப் பார்த்தார். இத்தனை காலமும் யாரும் பலமாக இழுக்காத ஒரே காரணத்தால் எங்கள் குடும்பம் நின்றிருக்கிறது.

மிஷினை மட்டும் கழற்றி அந்த நீள மேஜையில் வைத்தேன். ஜன்னலைத் திறந்தேன். நூல் கோக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது. கையில் ஸ்டாண்டின் கால், முக்காலி, குடை.

"அஞ்சு நிமிஷம் மேஜையைக் குடுப்பியா?"

"எந்தப் பசை?"

அவர் தரையைப் பார்த்தார். "முப்பது."

"அப்போ எப்ப எடுப்பீங்க?"

"நாளைக்கு வரைக்கும் அசைக்கக் கூடாது."

நான் எழுந்து போய் இருமல் மருந்து அளக்கிற மூடிகள் இரண்டை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் குனிந்து, கண்ணை மேஜை மட்டத்துக்கு இறக்கி, ஒன்றில் பிசின், ஒன்றில் ஹார்ட்னர், அதே கோடு வரைக்கும் ஊற்றினார். நான் சரிபார்த்தேன். ஒரு சொட்டு கூட இருந்தது, குச்சியால் எடுத்தார். பட்டறை ஆட்கள் யாராவது இந்தக் கோலத்தில் பார்த்திருந்தால் பேரே மாறியிருக்கும்.

மாடிப்படிக்குக் கீழே உடைந்து கிடந்த இறக்கையை அவர் அடிக்கடி திரும்பிப் பார்ப்பதையும் நான் கவனிக்காமல் இல்லை. அறை முழுசாக எனக்கு என்பதுதான் பேச்சு. பேச்சை மாற்ற எனக்கு மனசே இல்லை, ஆனால் என் கை துணியில் கோடு போடுகிற சாக்பீஸை எடுத்துவிட்டது. மேஜையின் நடுவில் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன்.

"இந்தப் பக்கம் நானு. அந்தப் பக்கம் நீங்க. ஒரு துளி பசை இந்தப் பக்கம் வந்துச்சு, அப்புறம் பாருங்க."

அவர் கோட்டின் மேல் குனிந்து பார்த்தார். பிறகு என் கழுத்தில் தொங்கிய அளவு டேப்பை மெல்ல உருவி எடுத்து, மேஜையை இந்த முனையிலிருந்து ஒருமுறை, அந்த முனையிலிருந்து ஒருமுறை அளந்தார்.

"என் பக்கம் அரை அங்குலம் கூட இருக்கு," என்றார். உள்ளங்கையால் கோட்டை அழித்தார். சாக்பீஸை வாங்கி, சரியாக நடுவில் புதுக்கோடு போட்டார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, ரொம்பக் கரிசனமாகச் சொன்னார்:

"கண்ணை நம்பிப் போடக் கூடாதும்மா. அளந்து போடணும்."

கத்தரிக்கோல் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்ததால் பிழைத்தார்.