கண்ணாடியைக் கழற்றிய டாக்டர்

நாடகத்தில் டாக்டர் ஏன் கண்ணாடியைக் கழற்றுகிறார் என்று என்னைக் கேட்காதவர்கள் எங்கள் ஊரில் குறைவு. எனக்கும் தெரியாது. நாடக வாத்தியார் கழற்றச் சொன்னார், கழற்றினேன்.

எங்கள் ஊர் மாரண்டஹள்ளிக்குப் பக்கம். அறுபதுகளில் மாதா கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் ஒரே நாடகத்தைத்தான் போடுவோம். நான் அஞ்சாவது வரை படித்தவன். நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் ஒரே ஒரு வசனம் உள்ள டாக்டர் வேஷம் எனக்கு வந்தது. "டாக்டர், என் மனைவி பிழைப்பாளா?" என்று கதாநாயகன் கேட்பான். நான் கண்ணாடியைக் கழற்றி, "இனி எல்லாம் ஆண்டவன் கையில்" என்று சொல்லிவிட்டுப் போய்விட வேண்டும். கட்டிலில் மனைவி செத்துப்போவாள்; பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கும்.

ஸ்டெதாஸ்கோப் என்று என் கழுத்தில் தொங்கியது சைக்கிள் டியூபும் சோடா மூடியும்தான். ஆனாலும் சந்தையில் கத்தரிக்காய் மூட்டையை இறக்கினால் போதும், யாராவது வந்துவிடுவார்கள்.

"டாக்டரே, முட்டி வலிக்குதுங்க. ஊசி போட்டாத் தேவலையா, மாத்திரையே போதுங்களா?"

"நான் வெள்ளாமக்காரனுங்க."

"அது தெரியுதுங்க. ஊசியா மாத்திரையா, அதச் சொல்லுங்க."

என் மாமியார் அதற்கும் ஒரு படி மேலே. "எங்க மாப்ள கிட்ட மட்டும் போவாதீங்க. இன்னி வரைக்கும் அவரு கையில ஒருத்தி பொழைக்கல" என்பார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் என் மனைவிக்கு வயிற்றுவலி வந்தது. கஷாயத்துக்கு அடங்கவில்லை. பஸ்ஸில் சுருண்டு படுத்தபடியே தருமபுரி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். குடல்வால் வீங்கிவிட்டது, உடனே அறுக்க வேண்டும் என்று உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே பெஞ்சில் நானும் மாமியாரும்.

"டாக்டர் வந்தா நீங்கதான் கேக்கோணும் மாப்ள."

"நீங்க கேளுங்க அத்தே."

"எனக்கென்ன தெரியும்? நீங்கதான் டாக்டரா இருந்திருக்கீங்க."

எத்தனையோ வருஷம் காதில் வாங்கிய கேள்விதான். மனப்பாடம். வாயில் மட்டும் வரவில்லை. மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். 'பிழைப்பாளா' என்ற இடம் வந்ததும் மறுபடி 'டாக்டர்' என்றே ஆரம்பித்தேன்.

கதவு திறந்தது. டாக்டர் வந்தார். எங்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

மாமியார் "ஐயோ எம் மவளே!" என்று தரையில் விழுந்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் மிரண்டுபோனார். "ஏம்மா, என்ன ஆச்சு? யாரு செத்தா?"

"நீங்கதானுங்களே கண்ணாடியக் கழட்டுனீங்க!"

"வேர்க்குதும்மா! உள்ள ஃபேன் ஓடல." மேல்சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "பொண்ணு நல்லா இருக்கு. ரெண்டு நாள் கழிச்சுக் கஞ்சி குடுங்க. யாருய்யா புருஷன்? நீயா? ஒக்காருய்யா, விழுந்துடப் போற."

கும்பிடத்தான் முடிந்தது. மாமியார் எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு, "மொதல்லயே சொல்றதுக்கென்ன? இவருக்கும் வசனம் மறந்துபோச்சாட்டம்" என்று என்னிடம் முணுமுணுத்தார்.

அடுத்த திருவிழாவுக்கும் அதே நாடகம், அதே வேஷம். முன்வரிசையில் மாமியாரும், பக்கத்தில் என் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். கதாநாயகன் கையைப் பிசைந்துகொண்டு கேட்டான், "டாக்டர், என் மனைவி பிழைப்பாளா?"

கண்ணாடிக்குக் கை போனது. என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை இறங்கிவிட்டது.

"நல்லா இருக்காங்க. ரெண்டு நாள் கழிச்சுக் கஞ்சி குடுங்க."

கூட்டம் கை தட்டியது. மாமியார் விசிலே அடித்திருப்பார், தெரிந்திருந்தால். கட்டிலில் சேலை கட்டிப் படுத்திருந்த ஆள் எழுந்திருப்பதா வேண்டாமா என்று ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். கதாநாயகன் என் காதோரம் வந்து பல்லைக் கடித்தான்.

"யோவ், அவ செத்தாத்தான்யா எனக்குப் பாட்டு!"