அம்மை வந்த ஊர்

என் கணவர் தம் ஊரின் வரலாற்றை இறந்தவர்கள் வழியாகவே எழுதினார். மலையாள நாட்டின் தெற்கு எல்லையை ஒட்டிய அந்தப் பனங்காட்டு ஊரில், அடக்க ஆராதனையின் நடுவே இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை வாசிப்பது வழக்கம். சாவுச் செய்தி வந்தால், அதை எழுத நாங்கள் குடியிருந்த கரமனையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவார். அழுகை அடங்கும்வரை முற்றத்தில் காத்திருந்து, மெல்லக் கேட்பார்: "அம்மை எந்த ஊர்லேர்ந்து வந்தா?"

தகப்பன் வழியை ஊரே சொல்லும். மணமாகி வந்த பெண்களின் ஊர்தான் அவர்களோடு மண்ணுக்குள் போய்விடும் என்பார். ஆகவே அவர் எழுதிய ஒவ்வொரு குறிப்பும் இறந்தவரின் தாயிலிருந்தே தொடங்கியது. எந்தப் பஞ்சத்தில் யார் வந்தார்கள், எந்தக் கிணற்றை யார் வெட்டினார்கள் என்று ஊரின் பழங்காலம் முழுவதும் அப்படித்தான் சேர்ந்தது.

எல்லோருக்கும் அது பிடித்ததில்லை.

"அம்மைக்க ஜெபத்தப் பத்தி நாலு வரி எழுதும்னு சொன்னா, கருப்பட்டி காய்ச்சினதையே எழுதி வச்சிருக்கீரே, அண்ணாச்சி!" என்று ஒரு மகன் சண்டைக்கு வந்தான்.

"ஜெபம் எல்லாரும் செய்ததுதாம்டே. கருப்பட்டி காய்ச்சி உன்னப் படிக்க வச்சது அவ மட்டும்தான்."

அவருடைய தாயைப் பற்றி நான் கேட்டால், "அது இருக்கட்டும்" என்று வேறு யாருடைய தாயைப் பற்றியாவது பேசத் தொடங்கிவிடுவார். கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தவர், நான் வற்புறுத்தவில்லை.

சென்ற மழைக்காலத்தில், ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவர் சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது. மறுநாள் ஊரில் அடக்கம். அன்றிரவே குறிப்பை எழுத நான் அமர்ந்தேன்.

"மலையாளத்துல எழுதினா மதி, அம்மா. அங்க இப்ப ஆரு தமிழ் வாசிக்கா?" என்றான் மகன்.

"வாசிக்கப்போறது நான்டா. அவங்க கேட்டாப் போதும்."

அவர் முறைப்படியே தாயிலிருந்து தொடங்க நினைத்தேன். முதல் வரியிலேயே பேனா நின்றுவிட்டது. ஊரில் இருக்கும் அவருடைய சித்தப்பா மகனுக்குப் போன் செய்தேன்.

"பெரியம்மைக்க ஊரா? கிழக்க, மலையடிவாரம்னு கேட்ட ஓர்மை. செரியாத் தெரியாது மைனி. அண்ணன்ட்டக் கேட்டா இப்பச் சொல்லுவாரு."

என்ன சொன்னோம் என்பது உறைத்ததும் அவர் வாய்விட்டு அழுதார். நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல் இருந்தேன். பிறகு அவர் ஊரின் முதியவர்களிடம் விசாரித்தார். ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள்.

மறுநாள் ஆலயத்தில் வாசித்தேன். பார்த்த வேலை, திருமணம், மகன், ஊருக்காக எழுதியவை என எல்லாம் இருந்தன. தாயைப் பற்றி, இளவயதிலேயே இறந்துபோனார் என்பதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை. அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. இன்னும் இருக்கும் என்று எண்ணிப் போதகர் சற்றுக் காத்திருந்தார். நான் கண்ணாடியைக் கழற்றிய பிறகுதான் பாட்டைத் தொடங்கினார்.