எஞ்சினுக்காக வந்த வீசிங்

எனக்கு வீசிங் வந்தது நாலாம் வகுப்பில், இனயம் கடற்கரையில், ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அந்த நோய் எனக்கு வரவே இல்லை என்பதுதான். என்னைப் பெற்ற அம்மைதான் அதை அந்த இடத்தில் வைத்து உண்டாக்கினாள். ஊரே நம்பியது. நான் மட்டும் நம்பவில்லை. ஆனால் என்னை யார் கேட்டார்கள்?

அதற்கு முந்தின ஆடி மாதத்தில் எங்கள் பழைய வள்ளம் கரையேறும்போது அலையில் சரிந்து பாறையில் மோதிப் பிளந்து போயிற்று. வள்ளம் பிளந்ததைக் கடற்கரை முழுக்கப் பார்த்தது. அப்பாவின் வலது தோளுக்கு என்ன ஆயிற்று என்பதை அம்மை மட்டும்தான் பார்த்தாள். கை இடுப்புக்கு மேலே எழும்பவில்லை. சட்டை போட்டுவிடுவதற்குக்கூட அம்மை வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள், வலை விலை கேட்டு வருகிறேன் என்று ஊரில் சொல்லிவிட்டு, சுசீந்திரம் பக்கம் ஒரு வைத்தியரிடம் எண்ணெய்க் கட்டுப் போட பஸ் ஏறிப் போவார். இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. என் வாயில் ரகசியம் நிற்காது என்பது அம்மையின் கணிப்பு. சரியான கணிப்புதான்.

ஏன் இவ்வளவு மறைத்தார்கள் என்றால், கடற்கரையில் ஒருவனுக்குக் 'கை போச்சு' என்று பெயர் விழுந்துவிட்டால், பிறகு கை சரியானாலும் பெயர் போகாது. அவன் வள்ளத்தில் ஏற ஆள் வராது. அப்பாவோடு எட்டு வருடமாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் அடுத்த வள்ளத்துக்காகக் காத்திருந்தார்கள். ஆறு மாதத்தில் தோள் திரும்பிவிடும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அந்த ஆறு மாதத்தை யாருக்கும் தெரியாமல் தாண்டிவிட வேண்டும். அவ்வளவுதான் அப்பாவுக்கு வேண்டியிருந்தது.

புது வள்ளத்துக்கு வழியில்லை. யாராவது ஓட்டிய வள்ளம்தான் வாங்க வேண்டும். இரண்டு தோதாக வந்தன. இனயத்தில் ஒரு ஃபைபர் வள்ளம், அவுட்போர்டு எஞ்சினோடு. முட்டம் துறைமுகத்தில் இன்னொன்று, இன்போர்டு எஞ்சினோடு. அப்பாவின் அண்ணன், அதாவது என் பெரியப்பா, அவுட்போர்டின் ஆள். சாயங்காலம் ஆனால் எங்கள் வீட்டு முன்னறையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பிரசங்கம் தொடங்கிவிடுவார்.

"ஏலே, அவுட்போர்டுன்னா கடல்ல வேல முடிஞ்சா கழத்தி தோள்ல போட்டுட்டு வீட்டுக்கு வந்திரலாம். மணல்ல வள்ளத்த இழுத்து வச்சிரலாம். இன்போர்டு என்னது? தாயிக்க வயித்துல பிள்ள கெடக்கது போல உள்ள கெடக்கும். ஒரு கேடு வந்தா வள்ளத்தையே பொளிக்கணும். கரையில ஏத்தவும் முடியாது. தெனமும் முட்டத்துக்கு பஸ்ஸேறி போவியா நீ?"

பெரியப்பா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் ஒவ்வொரு தடவை 'தோள்ல போட்டுட்டு' என்று சொல்லும்போதும் அப்பா டம்ளரை எடுத்து ஆறிப்போன சாயாவைக் குடித்தார். "இன்போர்டுக்கு டீசல்தான, செலவு கொறவுல்லா" என்று மட்டும் மெல்லச் சொல்வார். பெரியப்பா அதைக் கையை வீசித் தள்ளிவிடுவார்.

நான் முழுக்க முழுக்கப் பெரியப்பா கட்சி. என் வகுப்பில் கூட்டுக்காரிகள் வீட்டிலெல்லாம் அவுட்போர்டு எஞ்சின் இருந்தது. முன்னறை மூலையில் மரச்சட்டத்தில் மாட்டி, பழைய சேலையைப் போர்த்தி வைத்திருப்பார்கள். அப்பாமார் எஞ்சினைத் தோளில் சுமந்து வரும்போது பிள்ளைகள் மண்ணெண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பார்கள். அந்த நடையைப் பார்க்க வேண்டுமே! தேருக்கு முன்னால் போவதாக நினைப்பு. எனக்கும் அப்படி ஒருநாள் நடக்க வேண்டும். இன்போர்டு வாங்கினால் கேனும் கிடையாது, நடையும் கிடையாது.

இனயத்துக்குப் போகும் நாளில் அம்மையும் கிளம்பி நின்றாள். வள்ளம் பார்க்கப் போகிற இடத்தில் பொம்பிளைக்கு என்ன காரியம் என்று பெரியப்பா முறைத்தார். அங்கே கோயிலில் மெழுகுதிரி கொளுத்துவதாக நேர்ந்திருக்கிறேன் என்றாள். பள்ளிக்கூடம் இல்லாததால் என்னையும் கையில் பிடித்துக்கொண்டாள்.

எஞ்சினைத் தயாராக வைத்திருந்தார்கள். அவுட்போர்டைக் கரையில் வைத்து ஓட்டிப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. மரச்சட்டத்தில் மாட்டி, அதன் காலைத் தண்ணீர் நிறைத்த நீல டிரம்முக்குள் இறக்கி வைப்பார்கள். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் சூடாகிக் கெட்டுவிடும். பிறகு கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ண வேண்டும். இழுக்கிறவன் வாங்குகிறவனாக இருக்க வேண்டும். விற்கிறவன் இழுத்தால், முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்துவிட்டான் என்று சந்தேகம் வரும். ஆகையால் விற்கிறவர் இரண்டு அடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வேடிக்கை பார்க்க இருபது பேராவது கூடியிருந்தார்கள். எங்கள் ஊரில் பெண் எடுத்தவர்களும் அதில் இருந்தார்கள். அங்கே நடப்பது சாயங்காலத்துக்குள் எங்கள் ஊருக்கு வந்துவிடும்.

அப்பா எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார், ஜில்லென்று இருக்கிறதா என்று. குனிந்து டிரம்முக்குள் இருந்த விசிறியைப் பார்த்தார். பிளக்கைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். கயிறு எங்கேயாவது பிரிந்திருக்கிறதா என்று பார்த்தார். மறுபடியும் விசிறியைப் பார்த்தார். பெரியப்பாவுக்குப் பொறுமை போயிற்று.

"மாட்டுக்கு பல்லு பாக்கது போல என்னத்தல பாக்க? பிடிச்சு ஒரு இழுப்பு இழு. நம்ம வீட்டு கைக்கு ஒத்த இழுப்புல பிடிக்கும்."

கூட்டம் சிரித்தது. அப்பா கயிற்றுப் பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் வியர்வை வழிந்தது. வெயிலுக்கு என்று நினைத்தேன்.

அப்போதுதான் அம்மை, "ஐயோ, எனக்க பிள்ளைக்கு மூச்சு முட்டுதே!" என்று ஒரு கூப்பாடு போட்டாள்.

எந்தப் பிள்ளைக்கு என்று நானும் திரும்பிப் பார்த்தேன். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று வாயைத் திறப்பதற்குள் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. அம்மாடி, அந்தக் கிள்ளு! கத்த வாய் திறந்தவளின் முகத்தை இழுத்து வயிற்றோடு சேர்த்து அமுக்கிக்கொண்டாள். இப்போது உண்மையாகவே மூச்சு முட்டியது. நான் இருமினேன்.

"பாத்தீங்களா? மண்ணெண்ண நாத்தம் இவளுக்கு ஆவாது. வீசிங்கு. இந்த சவத்த வீட்டுக்குள்ள கொண்டு வச்சா எனக்க பிள்ள எப்பிடி கெடந்து ஒறங்கும்?"

"எப்பம் வந்தது வீசிங்கு? நான் அறியல்லியே?" என்றார் பெரியப்பா.

"ஊருக்கு ஒக்க சொல்லிட்டா இருக்க முடியும்? பெண்பிள்ளைக்க காரியமாக்கும்."

"அப்பம் எஞ்சின எனக்க வீட்டுல வைப்போம்."

"அங்க மூணு பிள்ளைய கெடக்கு. அதுக்கும் வந்தா?"

அந்த ஊர்ப் பெண்கள் வெந்நீர் கொண்டு வந்தார்கள். ஒருத்தி என் முதுகைத் தடவினாள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீர்களே என்று விற்கிறவர் கோபப்பட்டார். பெரியப்பா எல்லார் முன்னிலும் அம்மையைப் பேசாத பேச்சில்லை. சண்டைக்காரி, வள்ளத்துக்குத் தரித்திரம், புருஷனை வாழவிடாதவள். அம்மை என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். எனக்கு அப்போது ஒன்பது வயது, கால் தரையில் இழுபட்டது. அப்பா கயிற்றைத் தொடாமலே எங்கள் பின்னால் நடந்து வந்தார்.

அடுத்த வாரம் முட்டம் போனோம். பெரியப்பா வரவில்லை. அந்த வள்ளத்தில் பேட்டரி இருந்தது, பட்டனும் இருந்தது. அப்பா ஒரு விரலால் அமுக்கினார். எஞ்சின் ஓடியது.

அவர்கள் காரியம் முடிந்தது, என் கஷ்டம் தொடங்கியது. வீசிங் என்று சொன்னால் போதுமா? அதை வளர்க்க வேண்டாமா? பக்கத்து வீட்டு அக்கா தினமும் ஆடாதோடைக் கஷாயம் காய்ச்சிக் கொண்டுவந்து, நான் குடிக்கும்வரை முன்னால் நிற்பாள். அம்மை அவளுக்கு நன்றி வேறு சொல்வாள். திருவிழாவில் எல்லாப் பிள்ளைகளும் குச்சி ஐஸ் சாப்பிட, நான் சுக்குக் காப்பி குடித்தேன். அம்மைக்குத் தெரியாமல் ஐஸ் வண்டிக்காரரிடம் போனால் அவரே, "ஒனக்கு வீசிங்குல்லா மக்கா? போ போ" என்று விரட்டினார். பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் என்னைச் சேர்க்கவில்லை. நான் கேட்பேனா? விசில் அடித்ததும் மரத்தடியிலிருந்து எழும்பி ஓடி எல்லாரையும் முந்தினேன். பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்தார்.

"வீசிங்கு உள்ள பிள்ளயா இப்பிடி ஓடும்?"

அம்மை மீன் வெட்டுவதை நிறுத்தவில்லை. "இன்போர்டு வாங்கினோம்லா? மண்ணெண்ண நாத்தம் இல்ல. சொகமாயிட்டு" என்றாள்.

பெரியப்பா எழும்பிப் போய்விட்டார். அப்படியானால் ஐஸ் சாப்பிடலாமா என்று கேட்டேன். ஓடுகிறதுக்குத்தான் சுகமாகியிருக்கிறது, ஐஸுக்கு இன்னும் ஆகவில்லை என்றாள். அவளை எவ்வளவு வெறுத்தேன்! வருடக்கணக்காக அந்தக் கோபம் என் மனதில் கிடந்தது.

எல்லாம் வெளியே வந்தது எனக்குக் கல்யாணம் பேசியபோது. அப்பாவின் தோள் சரியாகி எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. மாப்பிள்ளையின் அத்தை பலகாரத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "பிள்ளைக்கு சின்னதுலயே வீசிங்குன்னு கேள்விப்பட்டோம்" என்று தொடங்கினாள். அம்மையின் முகம் செத்துப் போயிற்று. அவள் எதையோ சொல்ல வாயெடுத்தாள், அப்பா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அவளுக்கு வீசிங்கும் இல்ல, ஒரு மண்ணாங்கட்டியும் இல்ல. எனக்க கைதான் அண்ணைக்கு பொங்காம இருந்தது. கயிறு இழுக்க முடியல்ல. அந்த வெக்கத்த இவங்க ரெண்டு பேரும்தான் சொமந்தாங்க."

பெரியப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏலே, எனக்கிட்ட சொல்லக்கூடாதால?"

"சொன்னா நீரு ஊரு முழுக்க சொல்லியிருப்பீரு."

"அது உள்ளதுதான்" என்றார் பெரியப்பா. எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அத்தை பலகாரத் தட்டை மறுபடியும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கூடக் கடலுக்குப் போன இரண்டு பேருக்கும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது, அவர்களே வலையை இழுத்துக்கொண்டு யாரிடமும் மூச்சுவிடவில்லை என்பதையும் அப்பா அன்றுதான் சொன்னார். நான் உள்ளே போய் அம்மையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். கிள்ளினதற்கு இப்போதா அழுகிறாய் என்று கேட்டாள்.

ஒன்று மட்டும் அவளிடம் நான் சொல்லவில்லை. அந்த நாலாம் வகுப்பு வருடத்தில் ஒருநாள் அப்பா என்னை முட்டம் துறைமுகத்துக்குக் கூட்டிப் போனார். வள்ளங்களுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அப்பா வள்ளத்துக்குள் நின்றார். நான் மேலே கல்கட்டின் விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஐஸ் கட்டியிலிருந்து உடைந்த ஒரு துண்டைக் கழுவி, என்னை நோக்கி நீட்டினார். "அம்மைட்ட சொல்லாத, கேட்டியா."

அவர் நீட்டியது இடது கை. இடது கையால் கொடுக்கவும் வாங்கவும் கூடாது என்று கோயிலில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"எடக் கையால தராதிங்கப்பா. வலக் கையால தாங்க" என்றேன்.

அப்பா சிரித்தார். ஐஸ் துண்டை வலது கைக்கு மாற்றிக்கொண்டார். அந்தக் கை இடுப்பளவிலேயே நின்றது. ஐஸ் உருகி விரல் வழியாகச் சொட்டியது. "எறங்கி வா மக்கா" என்றார். என்னை இறங்கி வரவைக்க அப்பா விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே வள்ளத்துக்குள் குதித்து, அவர் வலது கையிலிருந்து அதை வாங்கித் தின்றேன்.