மகிமுராவும் படம் வராத கார்டும்

மகிமுரா யாரையும் நம்ப மாட்டார். ஒசாகாவின் நிப்போன்பாஷி கடைத்தெருவில் நான் வேலை பார்க்கும் கணினிக் கடையில், "படம் வரவில்லை" என்று திரும்பி வரும் கிராபிக்ஸ் கார்டுகளை, அதாவது கணினியிலிருந்து திரைக்குப் படம் அனுப்பும் அட்டைகளை, சோதிப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே மேசை. கார்டு கைக்கு வந்ததும் முதலில் முகர்ந்து பார்ப்பார், கருகிய வாடை அடிக்கிறதா என்று. பிறகு லென்ஸ் வைத்து ஒவ்வொரு திருகாணியையும் பார்ப்பார், யாராவது கழற்றியிருக்கிறார்களா என்று. கடைசியில்தான் கொண்டு வந்தவரின் முகம், அதையும் திருகாணியைப் பார்த்த அதே பார்வையில். ஐம்பத்தேழு வயதாகிறது, கல்யாணம் ஆகவில்லை. இரண்டு முறை பெண் பார்க்கும் பேச்சு வந்தது. இரண்டு முறையும், இந்தப் போட்டோ எந்த வருஷம் எடுத்தது என்று தரகரிடம் கேட்டிருக்கிறார். அதற்கப்புறம் எந்தத் தரகர் படியேறுவார், நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் அவர் சந்தேகத்தைச் சும்மா வியாதி என்று தள்ளவும் முடியாது. புதுக் கார்டை வாங்கிப் போய், வீட்டில் செத்துக் கிடக்கும் கார்டை அதே பெட்டியில் போட்டுத் திருப்பித் தருகிற ஆட்கள் உண்டு. போன கோடையில் மூன்று பேர் அப்படி அவர் கண்ணிலேயே மண்ணைத் தூவிவிட்டுப் போனார்கள். முதலாளி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: இன்னும் ஒரு கார்டு இப்படிப் போனால் மேசை கிடையாது, கிடங்கில் பெட்டி அடுக்க வேண்டியதுதான். அந்த மேசையை விட்டால் அந்த மனுஷருக்கு வேறென்ன இருக்கிறது?

அந்த வாரம்தான் உசாமி சான் வந்தார், பெயரோடு சான் சேர்ப்பது இங்கே மரியாதைக்கு. அறுபதை நெருங்கும் பெண்மணி, வீட்டிலிருந்தபடியே துணிக் கம்பெனிகளுக்குச் சட்டை வெட்டும் அளவுகளைக் கணினியில் வரைந்து கொடுப்பவர். புதுக் கார்டைப் போட்டேன், விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது என்றார். மகிமுரா அந்தக் கார்டைச் சோதனைக் கணினியில் செருகினார். படம் பளிச்சென்று வந்தது. மறுநாள் அதே அம்மா, அதே புகார். மறுபடி செருகினார், மறுபடி படம் வந்தது. மூன்றாம் நாள் கணினிப் பெட்டியையே தள்ளுவண்டியில் வைத்து இழுத்து வந்துவிட்டார். அதை எங்கள் திரையில் மாட்டினால் அதிலும் ஒரு குறையும் இல்லை.

"இங்க வந்தா வருது, வீட்டுக்குப் போனா வரலையா?" என்றார் மகிமுரா.

"நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறீங்களா?"

மகிமுரா லென்ஸை எடுத்து மறுபடி திருகாணிகளைப் பார்க்க ஆரம்பித்தார். அதுவே பதில்தானே. அந்த அம்மா முகம் சிவந்து, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று முதலாளியிடமே கேட்டுவிட்டுப் போனார்.

இது புது மாதிரி ஏமாற்று என்று மகிமுரா என்னிடம் கிசுகிசுத்தார். நல்ல கார்டையே காட்டிக் காட்டி நம்மை அலுக்க வைப்பாள், நாலாவது முறை செத்த கார்டை நீட்டுவாள், நாமும் அலுப்பில் பார்க்காமல் வாங்கிக்கொள்வோம் என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது, பொய் சொல்வானேன். முதலாளி அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. நேரே அந்த வீட்டுக்குப் போ, கோளாறுக்குக் காரணத்தைக் கண்டுபிடி, படிவத்தில் எழுதி, கையெழுத்துக்குப் பதிலாக இங்கே எல்லோரும் வைக்கிற முத்திரையை அந்த வீட்டில் வாங்கிக் கொண்டு வா, இல்லாவிட்டால் கிடங்குக்குப் போ என்றார்.

அந்த அம்மா கடையில் விட்டுப் போன கணினிப் பெட்டியைத் தூக்க நானும் கூடப் போனேன். நாலாவது மாடி வீடு. உசாமி சான் குடிக்கக் குளிர்ந்த பார்லித் தண்ணீர் கொடுத்தார், முகத்தை மட்டும் கொடுக்கவில்லை. கடையிலிருந்து நாங்கள் கொடுத்தனுப்பிய தாளைச் சுவரில் ஒட்டியிருந்தார். பழைய கார்டில் எந்தெந்த வயர் இருந்ததோ அதையெல்லாம் மாற்றாமல் புதியதில் செருகவும் என்று எழுதியிருந்தது. அதன்படியே ஒவ்வொரு வயருக்கும் ஒரு நிறத்தில் நூல் கட்டி, பிசகாமல் செருகினார். பொத்தானை அழுத்தினார். விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. மகிமுராவின் கண் அலமாரி இடுக்கிலும் குப்பைக்கூடையிலும் மேய்ந்தது. செத்த கார்டைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது, கூச்சமாக இருந்தது.

அப்போது பக்கத்து அறையின் தள்ளுகதவுக்குப் பின்னாலிருந்து, கணினி விழிக்கும்போது வருகிற அந்த மணிச்சத்தம் கேட்டது.

"அங்க யாரு?" என்றார் மகிமுரா.

"என் வீட்டுக்காரர். அது அவர் டிவி. அந்த ரூமுக்கு நான் போறதில்ல."

ஆறு வருஷமாக ஒரே வீட்டில் தனித்தனிக் குடித்தனமாம். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஃபிரிட்ஜ் கதவில் சீட்டு ஒட்டுவார்களாம். கூட்டாளி சிக்கினான் என்று நினைத்திருப்பார் போலும், மகிமுரா அனுமதிகூடக் கேட்காமல் கதவைத் தள்ளினார். உள்ளே பனியன் போட்ட ஒரு பெரியவர். எதிரே பெரிய டிவியில் உசாமி சானின் பெயரும், அதன் கீழே கடவுச்சொல் கேட்கிற கட்டமும்.

"மூணு நாளா இது வந்து வந்து நிக்குது," என்றார் பெரியவர். "இவ என்னை வேவு பாக்கறாளோன்னு இருந்தேன்."

வயர்களில் ஒன்று அலமாரிக்குப் பின்னால் ஓடி, சுவரைத் துளைத்து, அந்த டிவிக்குப் போயிருந்தது. மனைவி வரைவதைப் பெரிதாகப் பார்க்கட்டும் என்று, பேச்சுவார்த்தை இருந்த காலத்தில் பெரியவர்தான் போட்டிருக்கிறார். பழைய கார்டு அதைச் சட்டை செய்யவில்லை. புதியது டிவியே போதுமென்று படத்தை மொத்தமாக அங்கே அனுப்பிவிட்டது. கடையில் அந்த வயர் கிடையாது, அதனால்தான் அங்கே படம் வந்தது. உசாமி சானுக்கு அந்த வயர் எங்கே போகிறது என்பதே மறந்துபோயிருந்தது. மகிமுரா அதைப் பிடுங்கினார், மேசைத் திரையில் படம் வந்தது.

அவர் படிவத்தை எடுத்து வைத்து, இடுப்பு வரை குனிந்தார்.

"உங்களைத் திருடின்னு நினைச்சேன். மன்னிச்சிடுங்க."

"நினைச்சீங்கன்னு தெரியும். முத்திரை வைக்க மாட்டேன்."

மகிமுரா கெஞ்சவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை, இது இல்லாமல் போனால் இவருக்கு மேசை போய்விடும் என்று சொன்னேன். அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்றார் அந்த அம்மா. அவர் கேட்டதிலும் தப்பில்லை. பெரியவர் வாசலைத் தாண்டி இந்த அறைக்கு வந்து, படிவத்தை இழுத்து வைத்துக்கொண்டு காரணம் என்ற கட்டத்தில் எழுதி, தன் முத்திரையை அழுத்தினார். அப்பாடா, மேசை தப்பியது என்று எனக்கு மூச்சு வந்தது. மூச்சு முழுதாக வருவதற்குள் உசாமி சான் தாளைப் பறித்துக்கொண்டார். கிழித்துவிடுவாரோ என்று மகிமுராவின் கை பாதி நீண்டு நின்றது.

"மூன்று நாளாகக் கணவன் ஒன்றும் சொல்லவில்லை" என்று அதில் எழுதியிருந்தது.

உசாமி சான் அதைப் படித்தார்.

"மூணு நாள்னு போட்டிருக்கீங்க. ஆறு வருஷம்னு திருத்துங்க."

பெரியவர் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். மூன்று நாள் என்பதை அடித்து, மேலே ஆறு வருஷம் என்று எழுதி, திருத்தின இடத்தில் இன்னொரு முத்திரையும் வைத்தார். உசாமி சான் அந்தத் தாளை இரண்டாக மடித்து மகிமுராவிடம் கொடுத்தார்.